மைக்ரோவேவால் பிளாஸ்மாவுக்குள் மின்னோட்டம் ஓட்ட முடியுமா?

வாசகர் கேள்வி | 8 ஜூன் 2025

வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு கிண்ணம் சாம்பாரை வைத்தால் ஓரம் கொதிக்கிறது, நடுவில் ஃபிரிட்ஜ் குளிர் அப்படியே இருக்கிறது. அதே மைக்ரோவேவை வைத்து அணுக்கரு இணைவு ஆய்வில் பல கோடி டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள் என்கிறார்கள். அது போதாதென்று பிளாஸ்மாவுக்குள் மின்னோட்டமும் அந்த அலையாலேயே ஓட்டுகிறார்களாம். சூட்டைக்கூட விடுங்கள். ஒயர் இல்லை, பேட்டரி இல்லை, அலை எப்படி மின்னோட்டம் ஓட்டும்? நிதி வாங்குவதற்காகச் சொல்லும் கதை என்றுதான் எனக்குப் படுகிறது.

8 ஜூன் 2025, இரவு 10.15

கதை இல்லை. ஒரு டோகமாக் ஆய்வுக்கூடத்தில் பதினொரு வருடம் மைக்ரோவேவ் பிரிவில் இருந்தேன். டோகமாக் என்றால் உளுந்துவடை வடிவக் கலம், உள்ளே காந்தப்புலத்தால் பிடித்துவைத்த பிளாஸ்மா, அதாவது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்துபோன சூடான வாயு.

சூட்டைப் பற்றி முதலில். ஜெர்மனியில் கிரைஃப்ஸ்வால்ட் நகரில் வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் என்று ஒரு கருவி இருக்கிறது. அது டோகமாக்குக்குப் பங்காளியான ஸ்டெல்லரேட்டர் வகை. 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி அங்கே முதல் ஹைட்ரஜன் பிளாஸ்மாவுக்கு அன்றைய சான்சலர் ஆங்கெலா மெர்கெல் பொத்தானை அழுத்தினார். 2 மெகாவாட் மைக்ரோவேவ், கால் விநாடி, 8 கோடி டிகிரி. வேறு எந்த வழியிலும் சூடு கொடுக்கவில்லை, மைக்ரோவேவ் மட்டும்தான். 2023-இல் எட்டு நிமிடம் ஓட்டி மொத்தம் 1.3 கிகாஜூல் ஆற்றலை உள்ளே செலுத்தினார்கள். போன மாதம் ஆறு நிமிடத்தில் 1.8 கிகாஜூல். வகுத்துப் பாருங்கள், சராசரியாக 5 மெகாவாட் வரும். இது விளம்பரத் துண்டில் போட்ட எண் இல்லை, சுவர்த் தகடுகளைக் குளிர்வித்து வெளியே வரும் தண்ணீரின் சூட்டில் தெரிகிற எண்.

மின்னோட்டம் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். அது நீளும்.

9 ஜூன் 2025, இரவு 9.30

அதற்கு முன்னால் அடுப்பு விஷயத்தை முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் எல்லாம் குழம்பும்.

வீட்டு அடுப்பின் அலை 2.45 கிகாஹெர்ட்ஸ். தண்ணீர் மூலக்கூறு அந்த எண்ணில்தான் அதிரும், அதனால்தான் சூடாகிறது என்று பள்ளியில்கூடச் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது தவறு. தண்ணீர் மூலக்கூறுகள் அலையின் மின்புலத்துக்கு ஏற்பத் திரும்பப் பார்க்கும், பக்கத்து மூலக்கூறுகள் உரசித் தடுக்கும், அந்த உரசலில் சூடு வரும். 1 கிகாஹெர்ட்ஸில் அடித்தாலும் சூடாகும், 10-இல் அடித்தாலும் சூடாகும். தனிப்பட்ட ஒத்திசைவு எதுவும் கிடையாது. அலை சில சென்டிமீட்டர் உள்ளே போவதற்குள் தீர்ந்துவிடுவதால்தான் உங்கள் சாம்பாரின் நடுப்பகுதி குளிராகவே இருக்கிறது.

பிளாஸ்மாவில் நடப்பது வேறு. காந்தப்புலத்தில் எலக்ட்ரான் சும்மா ஓடாது, புலக்கோட்டைச் சுற்றிச் சுற்றி ஓடும். ஒரு டெஸ்லா புலம் என்றால் விநாடிக்கு 2,800 கோடி சுற்று, அதாவது 28 கிகாஹெர்ட்ஸ். புலம் இரட்டித்தால் சுற்றும் இரட்டிக்கும். கோயில் திருவிழாவில் கையால் தள்ளும் ராட்டினத்தைப் பார்த்திருப்பீர்கள். ராட்டினக்காரர் கூடவே ஓட மாட்டார், ஒரே இடத்தில் நிற்பார், தொட்டில் தன் முன்னால் வரும்போது மட்டும் ஒரு தள்ளு. வரும் நேரமும் தள்ளும் நேரமும் பொருந்தினால் ராட்டினம் வேகமெடுக்கும். பொருந்தாவிட்டால் அவர் கைதான் வலிக்கும். எலக்ட்ரான் சுற்றும் கணக்கோடு அலையின் கணக்கு பொருந்தும் இடத்தில் மட்டும் எலக்ட்ரான் ஆற்றலை வாங்கிக்கொள்கிறது.

இந்த 'பொருந்தும் இடத்தில் மட்டும்' என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லப்போவதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. டோகமாக்கில் காந்தப்புலம் எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை. வடையின் ஓட்டைப் பக்கம் அதிகம், வெளிப்பக்கம் குறைவு. ஆக ஒரு குறிப்பிட்ட அலைவெண்ணுக்குப் பொருந்தும் புலம் ஒரே ஒரு மெல்லிய செங்குத்துத் திரையில்தான் இருக்கும். அலைக்கற்றை வழியில் யாரையும் தொடாமல் போய் அந்தத் திரையைத் தொடும் இடத்தில் மொத்தத்தையும் கொட்டும். கற்றையைத் திருப்பிவிடும் கண்ணாடியைச் சாய்த்தால் கொட்டும் இடம் மேலேயோ கீழேயோ நகரும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று சில சென்டிமீட்டர் அகலத்துக்குள் ஒரு மெகாவாட்டை இறக்கலாம். எனக்குத் தெரிந்து வேறு எந்தச் சூடாக்கும் முறைக்கும் இந்தத் துல்லியம் கிடையாது.

10 ஜூன் 2025, காலை 6.50

ஒரு நண்பர் கேட்டது நியாயமான கேள்வி: டோகமாக்கில் ஏற்கெனவே மின்னோட்டம் ஓடுகிறதே, அதுவே சூடாக்காதா?

சூடாக்கும், கொஞ்ச தூரம்வரை. பிளாஸ்மா சூடாக ஆக அதன் மின்தடை குறைந்துகொண்டே போகும், நம் வீட்டு அடுப்புக் கம்பிக்கு நேர் எதிர். ஒன்றிரண்டு கோடி டிகிரிக்கு மேல் அந்த வழி படுத்துவிடும். இணைவுக்கு வேண்டியது பத்து கோடிக்கு மேல்.

10 ஜூன் 2025, இரவு 11.05

சரி, மின்னோட்டம்.

டோகமாக்குக்கு உள்ளே ஓடும் மின்னோட்டம் அலங்காரம் இல்லை, பிளாஸ்மாவைக் கட்டிவைக்கும் கயிற்றில் பாதி அதுதான். வழக்கமாக அதை டிரான்ஸ்ஃபார்மர் முறையில் தூண்டுவார்கள். வடையின் ஓட்டைக்குள் நிற்கும் பெரிய சுருள் முதல் சுற்று, பிளாஸ்மாவே இரண்டாம் சுற்று. டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்ய முதல் சுற்றின் மின்னோட்டம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு எல்லைக்கு மேல் அதை மாற்ற முடியாது. ஆகவே துடிப்பு, அதாவது பிளாஸ்மாவின் ஒரு ஓட்டம், முடிந்துவிடும். பிரான்சில் கட்டிவரும் இட்டர் கருவியில் 1.5 கோடி ஆம்பியர் ஓட வேண்டும், அந்த அளவில் சில நூறு விநாடிதான் தாங்கும். மின் நிலையம் நடத்த வேண்டுமானால் வேறு வழி வேண்டும்.

அந்த வேறு வழிகளில் ஒன்று அலை. கடல் அலை மேல் பலகையை வைத்துச் சறுக்குகிறவரை அலை கரைக்குத் தள்ளிக்கொண்டு போவது போல, பிளாஸ்மாவில் ஒரு பக்கமாக ஓடும் அலை எலக்ட்ரான்களை அதே பக்கம் தள்ளிக்கொண்டு போகும். எலக்ட்ரான்கள் ஒரு பக்கம் நகர்ந்தால் அதுதான் மின்னோட்டம்.

11 ஜூன் 2025, காலை 5.40

நேற்று இரவு எழுதிய கடைசிப் பத்தியைத் திருத்த வேண்டும். படுத்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அது பொய் இல்லை, ஆனால் நான் சொல்லிக்கொண்டிருந்த அலைக்கு அது பொருந்தாது. வேறொரு அலைக்குப் பொருந்தும்.

அந்த வேறொரு அலையின் பெயர் லோயர் ஹைப்ரிட். சில கிகாஹெர்ட்ஸ்தான். சீனாவின் ஈஸ்ட் கருவியில் ஒரு தொகுதி சரியாக 2.45-இல் ஓடுகிறது, உங்கள் சமையலறை எண்ணேதான். இந்த அலை காந்தக்கோட்டின் திசையில் மெதுவாக நகரும், வேகமான எலக்ட்ரான்கள் அதன் முதுகில் ஏறிக்கொள்ளும், உண்மையிலேயே தள்ளப்படும். பிரின்ஸ்டனைச் சேர்ந்த நேதனியல் ஃபிஷ் 1978-இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார், சில வருடத்தில் பல கருவிகளில் நடந்தது. பிரான்சின் டோர் சூப்ரா 2003-இல் ஆறரை நிமிடம் ஓடியது இதை வைத்துத்தான். அதே கருவி மாற்றிக் கட்டப்பட்டு வெஸ்ட் என்ற பெயரில் இந்த வருடம் பிப்ரவரி 12-இல் 1,337 விநாடி ஓடியது. 22 நிமிடத்துக்கும் மேல்.

ஒரு மெகாவாட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்த்தால் லோயர் ஹைப்ரிட்தான் கெட்டிக்காரன். ஆனால் அதன் ஆன்டெனா வாயைப் பிளாஸ்மாவை ஒட்டிக் கொண்டுபோய் வைக்க வேண்டும். உலை அளவுக்குச் சூடும் அடர்த்தியும் ஏறிவிட்டால் அலை நடுப்பகுதிவரை போகாது, ஓரத்திலேயே தீர்ந்துவிடும். சாம்பார்க் கதைதான்.

11 ஜூன் 2025, மதியம் 1.20

இப்போது சரியான விளக்கம். எங்கள் அலை, அதாவது எலக்ட்ரான் சைக்ளோட்ரான் அலை, எலக்ட்ரானைக் கோட்டின் திசையில் தள்ளுவதே இல்லை என்று சொல்லலாம். குறுக்கே சுற்றும் வேகத்தைத்தான் கூட்டுகிறது. பிறகு எப்படி மின்னோட்டம்? எனக்கு இது புரிய ஒரு வருடம் ஆனது, புரிந்த அன்று மதியச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தேன்.

ஊருக்குப் போயிருக்கிறீர்கள். கடைத்தெருவுக்கு நடந்து போகிறீர்கள். ஒவ்வொரு திண்ணையிலும் ஒருவர், "என்னப்பா, எப்ப வந்த?" என்று நிறுத்துவார். பத்து வீடு தாண்டுவதற்குள் எதற்குக் கிளம்பினோம் என்பதே மறந்துவிடும், பாதிப் பேர் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். அதே தெருவில் வண்டியில் போனால் அவர் கையைத் தூக்குவதற்குள் நீங்கள் தாண்டியிருப்பீர்கள். பிளாஸ்மாவில் மோதல் என்பது இந்தத் திண்ணைப் பேச்சுதான். கோலிக்குண்டு மாதிரி முட்டுவதில்லை, ஒன்றையொன்று கடக்கும்போது மின்விசையால் இழுத்துக்கொள்கின்றன. வேகமாகக் கடந்தால் இழுக்க நேரம் கிடைக்காது. வேகம் இரட்டித்தால் மோதல் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

பிளாஸ்மாவில் வலப்பக்கம் ஓடும் எலக்ட்ரான்களும் இடப்பக்கம் ஓடும் எலக்ட்ரான்களும் சம எண்ணிக்கை. கூட்டினால் பூஜ்யம். இப்போது அலையைச் சாய்வாக, வலப்பக்கம் ஓடுகிறவர்களுக்கு மட்டும் பொருந்தும்படி அனுப்புகிறோம். ஆம்புலன்ஸ் நெருங்கி வரும்போது சத்தம் மாறுகிறதே, அதே டாப்ளர் கணக்கில், ஓடும் திசையைப் பொறுத்து எலக்ட்ரானுக்கு அலைவெண் வேறாகத் தெரியும். அதை வைத்து ஒரு திசைக்காரர்களைப் பொறுக்கி எடுக்கலாம். அவர்களுக்கு மட்டும் வண்டி கொடுத்துவிட்டோம். குறுக்கு வேகம் என்றாலும் வேகம் வேகம்தானே, அவர்களுக்கு மோதல் குறைகிறது. வலப்பக்கம் போகிறவர்கள் வெகுநேரம் வலப்பக்கமே போகிறார்கள். அவர்கள் விட்டுப்போன மெதுவான இடத்தை மற்றவர்கள் சட்டென்று நிரப்பிவிடுகிறார்கள். இடப்பக்கக்காரர்கள் வழக்கம்போலத் திண்ணை திண்ணையாக நிற்கிறார்கள். கூட்டினால் இனி பூஜ்யம் வராது.

யாரையும் தள்ளவில்லை. ஒரு திசைக்காரர்களுக்கு மட்டும் தடையைக் குறைத்தோம், அவ்வளவுதான். 1980-இல் ஃபிஷும் ஆலன் பூசரும் சேர்ந்து இதை எழுதினார்கள். முப்பது வருடம் கழித்துக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அதை நேரில் பார்த்தபோதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

12 ஜூன் 2025, இரவு 8.45

கேள்வி கேட்டவர், "கணக்கு அழகாக இருக்கிறது, பார்த்தீர்களா?" என்கிறார். பார்த்தேன் ஐயா. எப்படி என்று சொல்கிறேன்.

ஒரே மாதிரி மூன்று ஷாட். (நாங்கள் ஒவ்வொரு பிளாஸ்மாவையும் ஷாட் என்போம்.) மூன்றிலும் பிளாஸ்மா மின்னோட்டத்தை ஒரே அளவில் பிடித்துவைக்கும்படி டிரான்ஸ்ஃபார்மருக்குக் கட்டளை. முதல் ஷாட்டில் கண்ணாடி நேராக, சாய்வே இல்லை. இரண்டாவதில் ஒரு பக்கம் 20 டிகிரி. மூன்றாவதில் மறுபக்கம் 20 டிகிரி. மூன்றிலும் ஒரே மைக்ரோவேவ் திறன்.

பார்க்க வேண்டியது சுற்று மின்னழுத்தத்தை, அதாவது மின்னோட்டத்தைப் பிடித்துவைக்க டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு உழைக்கிறது என்பதை. நேராக அடித்தபோது அலை வந்ததும் கோடு கொஞ்சம் இறங்கியது. பிளாஸ்மா சூடாகித் தடை குறைந்ததால் அது எதிர்பார்த்ததுதான். முதல் சாய்வில் இன்னும் கீழே இறங்கியது. எதிர்ச் சாய்வில் நேர் ஷாட்டின் கோட்டுக்கு மேலே நின்றது. அன்று திரையில் நீலம், சிவப்பு, பச்சை என்று மூன்று கோடும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன, அலை வரும்வரை ஒரே கோடாகத் தெரிந்தது மூன்றாகப் பிரிந்தது. வெறும் சூடு என்றால் கண்ணாடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பிளாஸ்மாவுக்கு எப்படித் தெரியும்? ஒன்றில் அலை டிரான்ஸ்ஃபார்மருக்குக் கைகொடுக்கிறது, மற்றொன்றில் எதிர்த்து இழுக்கிறது. இதற்கு மேல் உங்களுக்குச் சொல்ல என்னிடம் வலுவான ஆதாரம் இல்லை, இதுவே போதும் என்று நினைக்கிறேன்.

12 ஜூன் 2025, இரவு 9.10

ஒன்று விட்டுப்போனது. வடையின் வெளிப்பக்கத்தில் சில எலக்ட்ரான்கள் முழுச்சுற்று சுற்றாமல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு மாட்டிக்கொண்டிருக்கும். குறுக்கு வேகம் கூடக் கூட மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் கூடும். நீங்கள் வண்டி கொடுத்தவர் முட்டுச்சந்துக்குள் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவரால் மின்னோட்டம் வராது, சில நேரம் எதிர்ப்பக்கம்கூட வரும். ஆகவே எங்கே அடிக்கிறோம் என்பது சூட்டைவிட மின்னோட்டத்துக்கு இன்னும் முக்கியம்.

14 ஜூன் 2025, மாலை 4.30

சனிக்கிழமை, நேரம் இருக்கிறது. இந்த மைக்ரோவேவை உண்டாக்கும் குழாயான கைரோட்ரான் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

அடுப்பில் இருக்கும் மேக்னட்ரான் ஒரு கிலோவாட் கொடுக்கும். எங்களுக்கு ஒரு குழாயிலிருந்து ஒரு மெகாவாட், அதாவது ஆயிரம் அடுப்பு, அதுவும் 140 அல்லது 170 கிகாஹெர்ட்ஸில். இதற்கான குழாய் சோவியத் யூனியனின் கோர்க்கி நகரில் 1960-களில் பிறந்தது. இன்று அந்த ஊருக்கு நிஷ்னி நோவ்கோரோட் என்று பெயர். ஆண்ட்ரேய் கபோனோவ்-கிரேகோவின் குழு. ஒரு ஆள் உயரத்துக்கும் மேல் நிற்கும் குழாய், அடியில் எலக்ட்ரான்களை உமிழும் வளையம், 80 கிலோவோல்ட், 40 ஆம்பியர் அளவு. சுற்றிலும் மீக்கடத்திக் காந்தம். அந்தக் காந்தத்தில் எலக்ட்ரான்கள் சுற்றுகின்றன, சுற்றும் ஆற்றலை அலைக்குக் கொடுக்கின்றன. அதே அலை வேறொரு காந்தத்துக்குள் போய், அங்கே சுற்றும் வேறு எலக்ட்ரான்களுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கிறது. ராட்டினம் தள்ளுகிறது, பிறகு ராட்டினம் தள்ளப்படுகிறது. இந்தச் சமச்சீர் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

குழாயின் உள்ளே வெற்றிடம், வெளியே காற்று, நடுவில் ஒரு மெகாவாட் போக ஜன்னல் வேண்டும். நீலக்கல்லும் போரான் நைட்ரைடும் பயன்படுத்திப் பார்த்தார்கள், நீண்ட நேரத்துக்குத் தாங்கவில்லை. இப்போது செயற்கை வைரம். வெண்டல்ஸ்டைனில் இருப்பது 106 மில்லிமீட்டர் விட்டம், 1.8 மில்லிமீட்டர் தடிமன். 1.8 என்பது சும்மா வந்த எண் இல்லை. 140 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் 2.14 மில்லிமீட்டர், வைரத்துக்குள் 0.9. தடிமன் அரை அலைநீளத்தின் மடங்காக இருந்தால் எதிரொளிப்பு அடங்கிவிடும், 1.8 என்றால் நான்கு மடங்கு. முதன்முதலில் அந்த வில்லையைக் கையில் வாங்கிப் பார்த்தபோது மோதிரக்கல் போல மின்னும் என்று எதிர்பார்த்தேன். தேநீர்க் கடைக் கண்ணாடித் தட்டு மாதிரிச் சாதாரணமாக இருந்தது. ஆனால் கையுறை வழியாகவே சில்லென்று இருந்தது. செம்பைவிட நான்கைந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் பொருள், விரலின் சூட்டை அவ்வளவு வேகமாக இழுத்துக்கொள்கிறது.

கற்றை நேராகப் போகிறதா என்று எப்படிப் பார்ப்போம் தெரியுமா? கடைகளில் பில் அடிக்கும் தெர்மல் பேப்பர்தான். அந்தச் சுருள் எட்டு சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும், ஆகவே நாலு துண்டை ஒன்றோடொன்று ஒட்டி ஒரு சட்டத்தில் பொருத்தி, கற்றை வரும் வழியில் நிறுத்துவோம். எல்லோரும் வெளியே வருவோம், கதவு பூட்டப்படும், சாவி பெட்டியில் விழுந்தால்தான் மின்சாரமே ஏறும். ஒரு மில்லிவிநாடி துடிப்பு. சத்தம் எதுவும் வராது, குளிரூட்டும் தண்ணீரின் இரைச்சல் மட்டும். திரும்பப் போய்ப் பார்த்தால் தாளில் உள்ளங்கை அளவு வட்டம், நடுவில் கருப்பு, ஓரத்தில் சாம்பலாகக் கரையும். பக்கத்தில் இன்னொரு சின்னக் கறை இருந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது என்று அர்த்தம், அலையில் வேண்டாத வடிவம் கலந்திருக்கிறது. தேதியும் குழாய் எண்ணும் எழுதி அந்தத் தாள்களைக் கோப்பில் வைப்போம். வருடம் ஆக ஆக வட்டம் மங்கிவிடும், மளிகைக்கடை பில் மங்குவது போலவே, ஆகவே அன்றே படம் எடுத்துவிட வேண்டும்.

15 ஜூன் 2025, காலை 7.15

நேற்று கேட்ட இன்னொருவருக்கு: ஆம், தவறான இடத்துக்கும் போகும். ஒன்றைச் சொல்கிறேன்.

அந்த மூன்று ஷாட் கதையில் கண்ணாடியை மறுபக்கம் சாய்த்தோம் என்றேனே, அது முதல் முறை ஒழுங்காக நடக்கவில்லை. சாய்வை மாற்றினால் அலையின் முனைவாக்கத்தையும் மாற்ற வேண்டும். மின்புலம் எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதுதான் முனைவாக்கம், பள்ளம் வெட்டிய இரண்டு செம்புக் கண்ணாடிகளைத் திருப்பி அதை அமைப்போம். கண்ணாடியைத் திருப்பினோம், முனைவாக்கத்தைப் பழைய எண்ணிலேயே விட்டுவிட்டோம். அட்டவணையில் அந்த வரியை நிரப்ப வேண்டியவன் நான். அலையில் ஒரு பகுதி, பிளாஸ்மா உறிஞ்சாத வகையாகப் போனது. உறிஞ்சாத அலை மறைந்துவிடாது. எதிர்ச்சுவரில் பட்டு, கலத்துக்குள் சுற்றிச் சுற்றி, கிடைத்த சந்தில் எல்லாம் நுழையும். உள்ளே அலையும் கசிவை மோப்பம் பிடிக்க ஒரு உணர்கருவி உண்டு, ஸ்னிஃபர் என்போம். அது எல்லை மீறியதும் அலையை நிறுத்தத்தான் செய்தது. ஆனால் அதற்குள் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கேமரா ஒயரின் உறை கருகிவிட்டது. மறுநாள் அந்த மூடியைக் கழற்றியபோது வந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு பேர் தனித்தனியாக அந்த எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஷாட் கிடையாது என்று எழுதி ஒட்டினேன்.

அடர்த்தி ஒரு எல்லைக்கு மேல் போனாலும் இதே ஆபத்து. அலை உள்ளே நுழையாமல் கண்ணாடியில் பட்டது போலத் திரும்பிவிடும். 140 கிகாஹெர்ட்ஸுக்கு, வழக்கமான எக்ஸ் வகை அலையில் (மின்புலம் காந்தப்புலத்துக்குக் குறுக்கே ஆடும் வகை), கன மீட்டருக்கு ஒன்றுக்குப் பின் இருபது பூஜ்யம் போட்ட எண்ணுக்குச் சற்று மேலே அந்த எல்லை.

17 ஜூன் 2025, இரவு 10.00

இட்டர் பற்றி ஒரு தம்பி என் கணக்கைப் பிடித்துவிட்டார். "டெஸ்லாவுக்கு 28 என்றீர்கள். இட்டரில் 5.3 டெஸ்லா, பெருக்கினால் 148. அவர்கள் 170-இல் அடிக்கிறார்களே?"

சரியான பிடி. 5.3 என்பது கலத்தின் நடுக்கோட்டில், மையத்திலிருந்து 6.2 மீட்டரில் இருக்கும் புலம். 170-க்குப் பொருந்துவது ஏறத்தாழ 6.07 டெஸ்லா, அது 5.4 மீட்டரில், ஓட்டைப் பக்கமாக முக்கால் மீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. ஆனால் அலை வெளிப்பக்கத்திலிருந்து சாய்வாக வருகிறது. அதே திசையில் வேகமாக ஓடும் எலக்ட்ரானுக்கு டாப்ளரால் 170 குறைவாகத் தெரியும், ஆகவே அந்த இடத்துக்குப் போவதற்கு முன்பே, புலம் குறைவான இடத்திலேயே பொருந்திவிடுகிறது. வேகமான எலக்ட்ரான்களைப் பிடிப்பதில் இன்னொரு லாபம், அவைதான் ஏற்கெனவே மோதல் குறைந்தவை. நான் 'மெல்லிய திரை' என்று 9-ஆம் தேதி எழுதியது நேராக அடிக்கும்போது சரி, சாய்வாக அடிக்கும்போது திரை கொஞ்சம் தடிக்கும், நகரும். அதைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

18 ஜூன் 2025, இரவு 9.20

"இட்டரின் 1.5 கோடி ஆம்பியரையும் இந்த அலையாலேயே ஓட்டிவிட முடியுமா?" முடியாது. நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த முறையில் ஒரு மெகாவாட்டுக்குச் சில பத்தாயிரம் ஆம்பியர் கிடைத்தால் பெரிது. பெரும்பகுதியை டிரான்ஸ்ஃபார்மரும், பிளாஸ்மா தன் அழுத்தச் சரிவால் தானாகவே உண்டாக்கிக்கொள்ளும் மின்னோட்டமும்தான் சுமக்க வேண்டும். அதைப் பூட்ஸ்ட்ராப் மின்னோட்டம் என்பார்கள்.

பிறகு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்றால், சைக்கிள் டியூபில் பஞ்சர் ஒட்டுவதற்கு எவ்வளவு ரப்பர் வேண்டும்? ஒரு விரல் அகலம். ஆனால் ஓட்டை மேல் விழ வேண்டும், ஒரு அங்குலம் தள்ளி ஒட்டினால் பிரயோஜனம் இல்லை. பிளாஸ்மாவிலும் பஞ்சர் ஆகும். அடுக்கடுக்காக இருக்கும் காந்தப் பரப்புகளில் ஓரிடத்தில் கோடுகள் கிழிந்து தங்களுக்குள் மூடிக்கொண்டு ஒரு தீவு உண்டாகும். தீவுக்குள் அழுத்தச் சரிவு இல்லை, ஆகவே அங்கே பூட்ஸ்ட்ராப் மின்னோட்டம் வராது. மின்னோட்டம் இல்லாததால் தீவு இன்னும் வளரும். வளர்ந்தால் சூடு அதன் வழியாக வெளியே ஓடும், முற்றினால் பிளாஸ்மாவே அணைந்துவிடும். அந்தத் தீவுக்குள் மட்டும் காணாமல் போன மின்னோட்டத்தை வெளியிலிருந்து நிரப்பினால் தீவு சுருங்கும். கார்ஹிங்கில் இருக்கும் ஆஸ்டெக்ஸ் அப்கிரேட் டோகமாக்கில் 1990-களின் கடைசியில் இதைச் செய்து காட்டினார்கள், பிறகு அமெரிக்காவின் டிஐஐஐ-டி, ஜப்பானின் ஜேடி-60யூ. இட்டரில் மேல்பக்கம் வரும், அலையை உள்ளே அனுப்பும் நான்கு ஏவிகளின் முதல் வேலையே இதுதான்.

பஞ்சர்க் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைப் பார்ப்பார் இல்லையா, நாங்கள் எலக்ட்ரான்களிலிருந்து வெளிவரும் மெல்லிய மைக்ரோவேவைக் கேட்டு வெப்பநிலை எங்கே தட்டையாகிறது என்று பார்ப்போம். தீவு பிளாஸ்மாவோடு சேர்ந்து விநாடிக்கு ஆயிரக்கணக்கில் சுழன்றுகொண்டே இருக்கும். ஒருமுறை கண்ணாடியை அரை டிகிரி அரை டிகிரியாக நகர்த்தினோம். நாலாவது நகர்த்தலில், அதுவரை தடித்துக்கொண்டே போன அதிர்வுக் கோடு, ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் மெலிந்து நூலாகிக் காணாமல் போனது. அறையில் யாரும் பேசவில்லை. கைதட்டியது சுத்தம் செய்ய வந்திருந்த அக்காதான், எங்கள் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

18 ஜூன் 2025, இரவு 9.35

கார்ஹிங் இல்லை, கார்ஷிங். மியூனிக் பக்கத்து ஊர். அவசரத்தில் அடித்துவிட்டேன்.

19 ஜூன் 2025, காலை 6.30

சிறு கேள்விகளுக்கு:

உலகின் எல்லா டோகமாக்கிலும் இது உண்டா என்றால், இல்லை. இங்கிலாந்தின் ஜெட் கருவி 2023 கடைசிவரை ஓடியது, எலக்ட்ரான் சைக்ளோட்ரான் முறை அதில் இருந்ததே இல்லை. அமெரிக்காவில் கட்டிவரும் ஸ்பார்க்கில் 12.2 டெஸ்லா, அதற்கு 340 கிகாஹெர்ட்ஸ் வேண்டும், அந்த அளவில் மெகாவாட் குழாய்கள் கிடையாது. ஆகவே அவர்கள் அயனிகளைச் சூடாக்கும் 120 மெகாஹெர்ட்ஸ் வழியைப் பிடித்தார்கள்.

ஸ்டெல்லரேட்டருக்கு மின்னோட்டம் வேண்டாமே என்றால், வேண்டாம்தான். கட்டும் வேலை முழுவதையும் வெளிச் சுருள்களே பார்த்துக்கொள்கின்றன. அங்கே இந்த அலை சூட்டுக்கு, மின்னோட்டம் ஓட்டுவது சின்னச் சின்னத் திருத்தத்துக்கு மட்டும்.

இந்தியாவில் உண்டு. காந்திநகர் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தின் எஸ்எஸ்டி-1 டோகமாக்கில் 42 கிகாஹெர்ட்ஸ் கைரோட்ரான் இருக்கிறது. 1.5 டெஸ்லாவை 28-ஆல் பெருக்கிப் பாருங்கள். இட்டருக்கான குழாய்களில் இரண்டு இந்தியாவின் பங்கு.

இட்டரில் திறனைக் கூட்டுகிறார்களாமே என்றால், ஆம். போன வருடம் அறிவித்த புதிய திட்டப்படி உட்சுவர் பெரிலியத்திலிருந்து டங்ஸ்டனுக்கு மாறுகிறது, தொடக்கத்தில் 20 மெகாவாட் என்றிருந்தது 40 ஆகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. டங்ஸ்டன் அணுக்கள் பிளாஸ்மாவின் நடுவில் சேர்ந்தால் சூட்டை ஒளியாக வாரி இறைத்துவிடும், நடுவில் சரியாக மைக்ரோவேவைக் கொட்டினால் அவை அங்கே சேர்வதில்லை. இதுவும் எங்கே கொட்டுகிறோம் என்கிற விஷயம்தான்.

22 ஜூன் 2025, மாலை 6.10

கேள்வி கேட்டவர் நேற்று எழுதியிருந்தார், அவருடைய பெண் எட்டாம் வகுப்பாம், வீட்டில் செய்து பார்க்க ஏதாவது உண்டா என்று. உண்டு. இன்று அக்கா வீட்டில் மருமகளோடு செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து சுழலும் தட்டையும் அதன் அடியிலுள்ள சக்கர வளையத்தையும் எடுத்துவிடுங்கள். ஒரு அகலமான பீங்கான் தட்டைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் பச்சை அப்பளங்களை இடைவெளி விடாமல் பரப்புங்கள். நாங்கள் நாலு வைத்தோம். இருபது விநாடி. அப்பளம் முழுவதும் பொரியாது, அங்கங்கே திட்டுத் திட்டாக வெள்ளையாகப் பொங்கும், நடுவில் பச்சையாகவே இருக்கும். பெரியவர்கள் யாராவது பக்கத்தில் நிற்கட்டும், திட்டு கருக ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

அடுத்தடுத்த திட்டுகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தோம். ஒன்று ஐந்தரை, ஒன்று ஆறரை, இரண்டு ஆறு. சராசரி ஆறு சென்டிமீட்டர். அது அரை அலைநீளம். முழு அலைநீளம் 12. அடுப்பின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் 2,450 மெகாஹெர்ட்ஸ் என்றிருந்தது. மருமகள் இரண்டையும் பெருக்கினாள். விநாடிக்கு 29.4 கோடி மீட்டர் வந்தது. ஒளியின் வேகம் ஏறத்தாழ 30 கோடி. அவள் ஸ்கேலை மறுபடி எடுத்துக்கொண்டு போனாள், அந்த ஐந்தரையைச் சரியாக அளக்கவில்லை என்று அவளுக்குச் சந்தேகம். அதற்குள் அக்கா அந்த அப்பளத்தை உடைத்து ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டிருந்தாள்.